பூனைக்குக் கடும் நோய்: இன்னொரு மருத்துவரிடம் கேட்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"சிறுநீரகம் போய்விட்டது", "கட்டியாக இருக்கலாம்", "இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை" என்று ஏதோ ஒன்றைக் காதில் வாங்கிக்கொண்டு பூனைக் கூடையோடு வீடு திரும்புகிறவர்களுக்கு எழும் கேள்விகள் இவை. பெரும்பாலோர் முதலில் கேட்பது "வேறு எந்த டாக்டரிடம் போகலாம்?" என்றுதான். அதற்கும் முந்திய கேள்வி ஒன்று உண்டு: "அவரிடம் எதைக் கேட்கப் போகிறோம்?" அது தெளிவாக இருந்தால் எந்த நல்ல மருத்துவரும் உதவுவார். இல்லாவிட்டால் பெரிய நிபுணரிடம் போனாலும் இன்னொரு பில்லும் இன்னொரு குழப்பமும்தான் மிஞ்சும்.

இன்னொருவரிடம் போனால் இப்போது பார்க்கும் டாக்டர் வருத்தப்பட மாட்டாரா?

கால்நடை மருத்துவர்கள் தங்களுக்குள் இதை அன்றாடம் செய்கிறார்கள். ஒரு எக்ஸ்ரேயைக் கதிரியக்க நிபுணருக்கு அனுப்புவதும், பயாப்சி (சோதனைக்காக எடுத்த திசு) வில்லையை இன்னொரு நோய்க்குறியியலாளர் பார்க்கட்டும் என்று கேட்பதும் அவர்களுக்குப் புதிதல்ல. கூச்சமெல்லாம் பெரும்பாலும் நம் பக்கம்தான்.

சொல்லும் விதத்தில் சொன்னால் போதும்: "டாக்டர், நீங்கள் சொன்னது புரிகிறது. முடிவெடுக்கும் முன் இதயம் பார்க்கும் நிபுணர் ஒருவரிடமும் காட்ட விரும்புகிறேன். ரிப்போர்ட்டுகளின் நகல் கிடைக்குமா? நீங்களே யாரையாவது சொல்வீர்களா?" இந்தக் கடைசிக் கேள்விக்குப் பலன் அதிகம். பல நேரம் அவரே தொலைபேசியில் பேசி ஏற்பாடு செய்துவிடுவார். முகம் சுளித்தால் சுளிக்கட்டும். நகல்களை வாங்கிக்கொண்டு வாருங்கள்.

மறைத்துவிட்டுப் போவதுதான் ஆபத்து. முந்தைய நாள் போட்ட ஊசி என்னவென்று தெரியாமல் இரண்டாமவர் இன்னொன்றைப் போட நேரலாம்.

எந்த நிலையில் இரண்டாவது கருத்து உண்மையிலேயே தேவை?

எடுத்த முடிவைத் திரும்பப் பெற முடியாத எல்லா இடத்திலும். காலை அகற்றுவது, கண்ணை எடுப்பது, பெரிய அறுவை, கீமோதெரபி, கருணைக்கொலை எல்லாம் இதில் அடக்கம். நோயின் பெயர் பரிசோதனையால் உறுதியாகாமல் ஊகத்தில் நிற்கும்போதும் கேட்க வேண்டும். சொன்ன சிகிச்சையைச் சொன்னபடி கொடுத்தும் எதிர்பார்த்த காலத்தில் மாற்றமே இல்லை என்றாலும் அப்படியே.

இன்னொரு அடையாளமும் உண்டு. எடை குறைவது ஏன், வாந்தி ஏன், தண்ணீர் இவ்வளவு குடிப்பது ஏன் என்ற கேள்விகளுக்கெல்லாம் "வயதாகிவிட்டது" என்பதே பதிலாக வந்தால் வேறு இடம் பாருங்கள். முதுமை நோயல்ல. தைராய்டு மிகைச் சுரப்பு, சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம், பல் வலி என்று வயதான பூனைகளிடம் ஒளிந்திருப்பவற்றில் பலவற்றுக்கு நல்ல மருந்து இருக்கிறது.

மாறாக, மூன்று பேர் ஒரே பரிசோதனை முடிவைப் பார்த்து ஒரே நோயைச் சொன்ன பிறகு நான்காமவரைத் தேடுவது நமக்குப் பிடித்த பதிலைத் தேடுவதாகும். அந்த அலைச்சலைத் தாங்குவது பூனை.

எந்த நிலையில் இதற்கெல்லாம் நேரமில்லை?

ஆண் பூனை மணல் தட்டுக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போகிறது, குந்தி உட்கார்ந்து முக்குகிறது, கத்துகிறது, வெளியே வந்து பின்புறத்தை நக்குகிறது, தட்டில் ஈரமே இல்லை, அல்லது ரத்தம் கலந்த ஒரு சொட்டு. வீட்டில் இருப்பவர்கள் இதை மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் கொடுத்துப் பார்ப்பார்கள். இது சிறுநீர்ப்பாதை அடைப்பாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்தை நிறுத்திவிடும். ஓரிரு நாளில் உயிர் போகலாம். கிடைக்கும் முதல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, லில்லிச் செடியைக் கடித்தது, பாராசிட்டமால் உள்ளே போனது ஆகியவையும் அதே வகைதான். லில்லியில் சிறிதளவு இலையோ மகரந்தமோ கூடப் பூனையின் சிறுநீரகத்தை அழிக்கும். பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும்.

திடீரென்று பின்னங்கால்கள் விழுந்து, பாதங்கள் சில்லிட்டு, வலியில் அலறினால் இதய நோயால் உருவான ரத்தக் கட்டி காலுக்குப் போகும் பெருநாளத்தை அடைத்திருக்கலாம். இங்கே பெரும்பாலும் உடனே கருணைக்கொலை பற்றிப் பேச்சு வரும். எந்த முடிவானாலும் முதலில் வலிக்கு வீரியமான மருந்து போடச் சொல்லுங்கள். வலி அடங்கிய அந்த இடைவெளியில் ஒரு இதய நிபுணரிடம் தொலைபேசியில் கேட்க முடிந்தால் கேளுங்கள். இரண்டு காலுமா ஒரு காலா, உடல் வெப்பம் எவ்வளவு குறைந்திருக்கிறது, இதயம் செயலிழந்திருக்கிறதா என்பவற்றைப் பொறுத்து அவர் பதில் மாறும்.

நிபுணரின் அப்பாயின்ட்மென்ட்டுக்கு இன்னும் பல நாள் இருக்கிறது. பூனை சாப்பிடவில்லை. காத்திருக்கலாமா?

கருத்துக்குக் காத்திருக்கலாம், உணவுக்குக் காத்திருக்க முடியாது. சில நாள் சாப்பிடாமல் கிடந்தாலே பூனையின் உடற்கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேர்ந்து அதைச் செயலிழக்க வைக்கும். குண்டுப் பூனைகளுக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும். முதலில் வந்த நோய் எதுவாக இருந்தாலும், அதற்கு மேல் இப்போது கல்லீரல் நோயும் சேர்ந்துவிடும். காது மடலின் உட்புறமும் ஈறும் மஞ்சளிப்பது அதன் அடையாளம்.

வாந்தி உணர்வை அடக்கும் மருந்து, பசியைத் தூண்டும் மருந்து, தேவைப்பட்டால் கழுத்து வழியாக உணவுக்குழாயில் வைக்கும் ஊட்டக்குழாய் ஆகியவற்றைப் பற்றி இப்போது பார்க்கும் மருத்துவரிடமே பேசுங்கள். குழாய் என்றதும் "கடைசிக் கட்டமா?" என்று பயப்படுகிறவர்கள் அதிகம். பார்ப்பதற்குத்தான் பயங்கரம். பெரும்பாலான பூனைகள் அதைப் பொருட்படுத்துவதில்லை. வீட்டிலேயே உணவும் மருந்தும் அதன் வழியாகக் கொடுக்கலாம். கொழுப்புக் கல்லீரல் நோயில் போதிய ஊட்டம் கிடைத்தால் பெரும்பாலான பூனைகள் பிழைக்கின்றன. வாயில் சிரிஞ்சை வைத்து வலுக்கட்டாயமாக ஊட்டுவதால் உணவின் மீதே வெறுப்பு வந்துவிடும். நுரையீரலுக்குள் போகும் ஆபத்தும் உண்டு.

என்னென்ன கொண்டுபோக வேண்டும்?

எண்கள். "ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் மோசம் என்றார்கள்" என்பதை வைத்து இரண்டாமவர் ஒன்றும் செய்ய முடியாது. ஆய்வகம் தந்த தாள், அது எடுக்கப்பட்ட தேதி, சலைன் ஏற்றும் முன் எடுத்ததா பின் எடுத்ததா என்ற விவரம் வேண்டும். எக்ஸ்ரேயைக் கைபேசியில் படம் பிடித்துக் கொண்டுபோகாதீர்கள்; டைகாம் என்ற மூலக் கோப்பாகவே கேட்டு வாங்குங்கள். அல்ட்ராசவுண்டை மட்டும் இரண்டாமவர் பெரும்பாலும் மறுபடி எடுப்பார். சேமித்து வைத்த சில படங்களை வைத்து முழு வயிற்றையும் மதிப்பிட முடியாது என்பதால் அதில் குறை காண வேண்டாம்.

கொடுத்த மருந்துகள் எல்லாவற்றையும், நிறுத்தியவை உட்பட, அளவோடும் தேதியோடும் ஒரு தாளில் எழுதுங்கள். எடை வரலாறு தங்கம் போன்றது: 4 கிலோ பூனை 400 கிராம் இழந்தால் உடலில் பத்தில் ஒரு பங்கு போயிருக்கிறது. கண்ணுக்கு அது தெரியாது, தராசுக்குத் தெரியும். இருமல், வலிப்பு, தள்ளாட்டம் எதுவானாலும் வீடியோ எடுத்துவைத்திருங்கள், மருத்துவர் மேஜையில் பூனை எதையும் செய்துகாட்டாது.

இதய நோய் என்ற சந்தேகம் இருந்தால் தூங்கும்போது மூச்சை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். ஆழ்ந்து தூங்கும் பூனையின் விலாப்பக்கத்தைப் பாருங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். குறுகுறுவென்று உறுமிக்கொண்டிருந்தாலோ கனவில் மீசை துடித்தாலோ அந்தக் கணக்கு செல்லாது. நிமிடத்துக்கு 30க்கு மேல் தொடர்ந்து போனால் அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றே அழைத்துச் சொல்ல வேண்டும்.

"கிரியாட்டினின் 6, சிறுநீரகம் செயலிழந்துவிட்டது" என்கிறார்கள். இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. இரண்டாவது கருத்தால் அதிகம் பயன் கிடைக்கும் இடங்களில் இது ஒன்று.

கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு; அது ரத்தத்தில் தேங்கும் அளவை வைத்து நாட்பட்ட சிறுநீரக நோயை ஐரிஸ் என்ற சர்வதேசக் குழு 4 நிலைகளாக வகுத்திருக்கிறது. கிரியாட்டினின் டெசிலிட்டருக்கு 5 மில்லிகிராமைத் தாண்டினால் அது நான்காம் நிலை. ஆனால் அந்தக் கணக்கு நீர்ச்சத்தோடு நிலையாக இருக்கும் பூனைக்கு உரியது. மூன்று நாள் வாந்தி எடுத்து உலர்ந்துபோன பூனையின் ரத்தத்தில் வந்த எண்ணை வைத்து நிலையைத் தீர்மானிக்கக் கூடாது. இரண்டு நாள் சலைன் ஏற்றிய பிறகு அதே எண் எங்கே நிற்கிறது என்பதே செய்தி.

அடுத்தது, இது மெல்ல வந்த நோயா, திடீரென வந்த அடியா, பழைய நோயின் மேல் விழுந்த புதிய அடியா? சிறுநீரகத் தொற்று, சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் மெல்லிய குழாயில் சிக்கிய கல், நச்சு ஆகிய எல்லாம் கிரியாட்டினினை ஒரே மாதிரி ஏற்றும். அல்ட்ராசவுண்டும், சிறுநீரைக் கல்ச்சருக்கு (கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு) அனுப்புவதும் இல்லாமல் இவற்றைப் பிரித்தறிய முடியாது. ஒரு சிறுநீரகம் சுருங்கி, மற்றது வீங்கியிருந்தால் கல் அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும். அடைப்பை நீக்கினால் அந்தச் சிறுநீரகம் ஓரளவு மீளக்கூடும். இந்தப் பூனைக்கும், இரண்டு சிறுநீரகமும் ஆண்டுக்கணக்கில் சுருங்கிப்போன பூனைக்கும் ரத்த ரிப்போர்ட் ஒன்றுபோலவே இருக்கும்.

ஆகவே கேட்க வேண்டியவை: சலைனுக்கு முன் எடுத்த சிறுநீரின் அடர்த்தி எவ்வளவு (1.035க்குக் கீழ் என்றால் அடர்த்தியாக்கும் திறன் குறைந்திருக்கிறது என்ற சந்தேகம் வரும்)? சிறுநீரில் புரதம் போகிறதா? ரத்த அழுத்தம் பார்த்தீர்களா? கடைசிக் கேள்வியைப் பலரும் மறக்கிறார்கள். அழுத்தம் ஏறிக் கிடந்தால் விழித்திரை பிரிந்து ஒரே இரவில் பார்வை போகலாம். அழுத்தத்தைக் குறைக்க மாத்திரை உண்டு.

இரண்டாம், மூன்றாம் நிலையில் நல்ல கவனிப்போடு ஆண்டுக்கணக்கில் வாழும் பூனைகள் உண்டு. நான்காம் நிலை என்று உறுதியானால் பேச்சு வேறு.

குடல் புற்றுநோய் என்றார்கள். இன்னொருவர் குடல் அழற்சி என்கிறார். யாரை நம்புவது?

இருவருமே அல்ட்ராசவுண்டை மட்டும் பார்த்துச் சொல்லியிருந்தால் இருவரையும் முழுதாக நம்ப வேண்டாம். தடித்த குடல் சுவரை ஸ்கேன் காட்டும். அது நாட்பட்ட அழற்சியா, மெல்ல வளரும் சிறு செல் லிம்போமா என்ற புற்றுநோயா என்று ஸ்கேனால் சொல்ல முடியாது. பயாப்சி எடுத்தாலும் சில நேரம் நோய்க்குறியியலாளர்களுக்குள்ளேயே கருத்து மாறும். அப்போது அதே திசு வில்லைகளை இன்னொரு நோய்க்குறியியலாளருக்கு அனுப்பிப் படிக்கச் சொல்லலாம். திசுவில் மரபணுச் சோதனையும் செய்யலாம். பூனையை மறுபடி தொடவே வேண்டாம். எல்லா இரண்டாவது கருத்திலும் பூனைக்கு மிகக் குறைந்த துன்பம் தருவது இதுதான்.

இதில் ஒரு எச்சரிக்கை: பயாப்சிக்கு முன் ஸ்டீராய்டு தொடங்கினால் லிம்போமா செல்கள் மறைந்து முடிவு குழம்பிவிடும். "இன்னும் பயாப்சி எடுக்கவில்லை, ஸ்டீராய்டை ஒரு வாரம் தள்ளிப்போட முடியுமா?" என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஏற்கெனவே தொடங்கிவிட்டால் நீங்களாகத் திடீரென நிறுத்தாதீர்கள்.

சிறு செல் வகை என்றே உறுதியானாலும் அது அன்றைக்கே எழுதப்படும் தீர்ப்பு இல்லை. பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டும் குளோராம்பியூசில் என்ற புற்றுநோய் மாத்திரையும் வீட்டில் கொடுத்து இரண்டு ஆண்டுகளும் அதற்கு மேலும் வாழ்ந்த பூனைகள் பல. பெரிய செல் வகையின் போக்கு இதைவிடக் கடுமையானது. "லிம்போமா" என்று மட்டும் சொன்னால் எந்த வகை என்று கேளுங்கள்.

எஃப்.ஐ.பி. என்றால் பிழைக்காது என்கிறார்கள். உண்மையா?

பழைய பாடம். பூனைக் கொரோனா வைரஸ் உடலுக்குள் உருமாறி உண்டாக்கும் இந்த நோய் நெடுங்காலம் ஏறக்குறைய உறுதியான மரணமாகவே இருந்தது. 2019இல் கலிபோர்னியாவில் நீல்ஸ் பெடர்சன் குழு வெளியிட்ட ஆய்வில் ஜி.எஸ்.441524 என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தால் பெரும்பாலான பூனைகள் குணமாயின. வழக்கமான சிகிச்சைக் காலம் 84 நாள். மனிதர்களுக்குக் கோவிட் காலத்தில் தந்த ரெம்டெசிவிர் உடலுக்குள் போய் இதே மருந்தாகத்தான் மாறுகிறது. சட்டப்படி கிடைக்கும் வழி நாட்டுக்கு நாடு வேறுபடும்; அதை அண்மையில் இந்நோய்க்குச் சிகிச்சை தந்த மருத்துவரிடம்தான் கேட்டறிய வேண்டும்.

அதனால், எஃப்.ஐ.பி. என்ற ஒரே காரணத்துக்காகக் கருணைக்கொலை சொல்லப்பட்டால் இரண்டாவது கருத்து கட்டாயம். நாள் கணக்கில் மோசமாகும் நோய் என்பதால் அன்றே கேளுங்கள். நோய் அதுதானா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். கொரோனா வைரஸ் ஆன்டிபாடி (உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் புரதம்) இருப்பது மட்டும் எதையும் நிரூபிக்காது. நலமாகத் திரியும் ஏராளமான பூனைகளிடமும் அது உண்டு. வயிற்றிலோ மார்பிலோ சேர்ந்த நீரைப் பரிசோதிப்பதும், ஆல்புமின், குளோபுலின் என்ற இரு ரத்தப் புரதங்களின் விகிதமும் கூடுதல் வெளிச்சம் தரும்.

ரத்தப் புற்று வைரஸ், பூனை எய்ட்ஸ் சோதனை பாசிட்டிவ். மறுபடி பார்க்க வேண்டுமா?

ஆம். மருத்துவமனையிலேயே நிமிடங்களில் பார்க்கும் கிட் சோதனையை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. வேறு முறையில் உறுதி செய்ய வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கு எய்ட்ஸ் வைரஸ் சோதனை பாசிட்டிவ் என்றால் தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடியாகவும் இருக்கலாம்.

யாரிடம் போவது? ஆன்லைனில் கேட்டால் போதாதா?

நோயைப் பொறுத்தது. இதயத்துக்கு எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்) எடுக்கத் தெரிந்த இதய நிபுணர். கட்டிக்குப் புற்றுநோய் நிபுணர். காரணமே தெரியாத நோய்க்கு உள்மருத்துவ நிபுணர். கால்நடைக் கல்லூரிகளோடு இணைந்த மருத்துவமனைகளில் இவர்கள் ஒரே கூரையின் கீழ் கிடைப்பார்கள். நிபுணர் இல்லாத இடத்தில், பூனைகளை நிறையப் பார்க்கும் அனுபவமுள்ள பொது மருத்துவர் போதும்.

ரிப்போர்ட் படிப்பதற்கும், அடுத்து எந்தச் சோதனை என்று கேட்பதற்கும் ஆன்லைன் ஆலோசனை நல்லது. வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதும் இதய ஒலியைக் கேட்பதும் திரை வழியாக நடக்காது. நேரில் பார்க்காமல் மருந்து எழுதக் கூடாது என்று பல நாடுகளில் விதியும் உண்டு. இதைவிட நல்ல வழி, உங்கள் மருத்துவரே நிபுணரோடு பேசுவது. பூனை வளர்ப்போர் குழுக்களில் மாத்திரை ஊட்டும் உத்தியைக் கேளுங்கள், மருந்தின் அளவைக் கேட்காதீர்கள்.

பயணமே பூனைக்கு ஒரு நோயாகிவிடுகிறதே?

கூடையை இரண்டு நாள் முன்பே வெளியே வைத்துப் பழக்குங்கள். மேலே துணி போர்த்துங்கள். மிகவும் மிரளும் பூனைக்குப் பயணத்துக்கு முன் பதற்றத்தைத் தணிக்கும் கபாபென்டின் மருந்தைத் தரலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். சிறுநீரக நோய் இருந்தால் அளவைக் குறைப்பார். பயத்தில் பூனையின் ரத்தச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் எகிறும். ஒரே ஒருமுறை கூடுதலாக வந்த சர்க்கரையை வைத்துச் சர்க்கரை நோய் என்று சொன்னால், கடந்த ஓரிரு வாரச் சராசரியைக் காட்டும் ஃபுருக்டோசமின் சோதனையைக் கேளுங்கள்.

செலவு?

உங்களால் முடிந்த தொகையை முதலிலேயே சொல்லிவிடுங்கள். "இதற்குள் என் முடிவை மாற்றக்கூடிய ஒரே சோதனை எது?" என்று கேட்டால் மருத்துவரும் அதற்கேற்ப யோசிப்பார். ஏற்கெனவே எடுத்த ஒன்றை மறுபடி கேட்டால் காரணம் கேட்பதில் தவறில்லை.

இருவரும் வேறு வேறு சொன்னால் என்ன செய்வது?

நோயின் பெயரில் மாறுபடுகிறார்களா, சிகிச்சையில் மட்டுமா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். பெயரில் என்றால், எந்தச் சோதனை இதைத் தீர்க்கும் என்று இருவரையும் கேளுங்கள். சிகிச்சையில் என்றால், "நீங்கள் சொல்வது சரியாக இருந்தால் ஒரு வாரத்தில் என்ன மாற்றம் தெரியும்?" என்று கேளுங்கள். எடை, பசி, கிரியாட்டினின் என்று அளந்து பார்க்கக்கூடிய ஒன்றைச் சொல்பவரின் வழியில் அந்த ஒரு வாரம் போய்ப் பார்க்கலாம். கனிவாகப் பேசுகிறவர் சொல்வதுதான் சரி என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் நமக்கு உண்டு. கனிவு வேறு, சரி வேறு.

கருணைக்கொலைக்கு இரண்டாவது கருத்து கேட்பது பூனையின் வேதனையை நீட்டிப்பதாகாதா?

வலி மருந்து இல்லாமல் நாள் கடத்தினால் ஆகும். இருக்கிற வலியை அடக்கிவிட்டு ஓரிரு நாளில் கேட்டு முடித்தால் ஆகாது.

பூனை வலியை மறைக்கும். ஆனால் முகம் காட்டிக்கொடுக்கும். மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் உருவான பூனை முகக்குறி அளவுகோல் ஐந்து இடங்களைப் பார்க்கச் சொல்கிறது: காதுகள் பக்கவாட்டில் திரும்பி விலகுவது, கண் இடுங்குவது, மூக்கும் வாயும் இறுகுவது, மீசை விறைத்து முன்னோக்கி நீள்வது, தலை தோளுக்குக் கீழே தாழ்வது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். பத்துக்கு 4 அல்லது அதற்கு மேல் வந்தால் வலி மருந்து தேவை. வீட்டிலேயே இதைக் குறித்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இரண்டாமவரும் அதையே சொல்லலாம். பெரும்பாலும் அதையே சொல்வார்கள். அந்தக் கருத்து வீணில்லை. பிறகு மாதக்கணக்கில் "வேறு வழி இருந்திருக்குமோ" என்று உழல்வதிலிருந்து அது காப்பாற்றும். மூச்சுத் திணறலோ அடங்காத வலியோ இருந்தால் மட்டும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

பிறகு யாரிடம் தொடர்வது?

யாராவது ஒருவரிடம். நிபுணர் திட்டம் வகுத்து, அருகிலிருக்கும் பழைய மருத்துவர் அதை நடத்துவதுதான் பெரும்பாலும் எளிது. இரண்டாமவரின் அறிக்கையை முதலாமவருக்கு அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு சீட்டிலும் உள்ள மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். ஒருவர் மூட்டு வலிக்கு மெலாக்சிகம் எழுதியிருப்பார், மற்றவர் குடலுக்குப் பிரெட்னிசலோன் எழுதியிருப்பார். இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் புண் விழும், சிறுநீரகமும் அடிபடும். புதிய சீட்டு கைக்கு வந்ததும், பழைய மாத்திரைகளில் எதைத் தொடர்வது, எதை நிறுத்துவது, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் எத்தனை நாள் இடைவெளி விடுவது என்று அங்கேயே கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.